காத்திருப்போர் பட்டியலில் முப்பத்துநான்கு

ஜனவரி 6, சனி

தமிழ்க் கடையில் காலண்டர் கேட்டேன். முடிந்துவிட்டதாம், இந்த டயரியைத் தந்தார்கள். ஐம்பது வயதில் டயரி எழுதத் தொடங்குகிற ஆள் நானாகத்தான் இருக்கும். ஆனால் இனிச் சனிக்கிழமைகளில் எனக்கு நாலு மணித்தியாலம் சும்மா கிடைக்கிறது. கௌரி பெரியவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிக்கிறாள். ஒன்பதுக்கு இறக்கிவிட்டால் ஒரு மணிக்கு ஏற்றவேண்டும். வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்குப் பதிலாக எதிர்ப்பக்கக் கோப்பிக் கடையில் இருக்கிறேன்.

கௌரியின் முழுப்பெயர் கேதாரகௌரி. என் மனைவி. நாற்பத்துமூன்று வயது. ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருடமாகப் பராமரிப்பு உதவியாளர். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது எல்லாம் அவள்தான். மாத்திரை கொடுப்பது மட்டும் நேர்ஸ். இப்போது தானே நேர்ஸ் ஆவது என்று நிற்கிறாள். கொலிச்சில் நேர்ஸிங் படிப்புக்கு நூற்றிருபது இடம். ஆயிரத்துச் சொச்சம் பேர் விண்ணப்பிப்பார்களாம். உயிரியல், கணிதம், ஆங்கிலம் போன வருடமே முடித்துவிட்டாள். இரசாயனம்தான் மிச்சம்.

சனியும் ஞாயிறும் சமையல் என் பொறுப்பு. இது கௌரி சொன்னதில்லை, நானாக எடுத்துக்கொண்டது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பொங்கியது கௌரி, பானை கழுவியது நான். பின்னேரம் அவளும் மதுஷாவும் சாப்பாட்டு மேசையில் புத்தகங்களைப் பரப்பிவிட்டார்கள். மதுஷா எங்கள் மகள், பதினொராம் வகுப்பு. தாயும் மகளும் ஒரே பாடம் படிக்கிறார்கள். மகளுக்குத்தான் கூட விளங்குகிறது.

ஜனவரி 21, ஞாயிறு

இன்று விண்ணப்பம் போட்டோம். கணினியில் தட்டியது மதுஷா. பெயர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் கொடுத்ததும் திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது.

"அம்மா, உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மாணவர் நம்பர் இருக்கெண்டு சொல்லுது."

"ஓம், இருக்கும்," என்றாள் கௌரி.

"நீங்கள் முந்தியும் அப்ளை பண்ணினனீங்களோ? எப்ப?"

"உனக்கு அஞ்சு வயசா இருக்கேக்க. அது பழைய கதை. நீ மிச்சத்தை அடி."

"அப்ப கிடைக்கேல்லையோ?"

"பட்டியலில காத்திருக்கச் சொன்னவை. பிறகு ஒண்டும் வரேல்ல."

நான் நிலவறைக்குப் போய் மெஷினில் உடுப்புக் காய்ந்துவிட்டதா என்று பார்த்தேன்.

ஜனவரி 22, திங்கள்

நேற்று எழுதியதை வாசித்தேன். உடுப்புக் காய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அங்கேயே நின்றேன்.

பெப்ரவரி 10, சனி

முதல் சோதினையில் அறுபத்தொன்று. எண்பதுக்குக் குறையாமல் வேண்டும். காரில் ஏறி இருந்து பெல்ற் போட்டாள். வீட்டில் மதுஷா விடைத்தாளைப் பார்த்தாள்.

"அம்மா, இது தெரியாமல் விட்டதில்ல. அவசரத்தில விட்டது. கேள்வியை முழுசா வாசிக்கிறேல்ல நீங்கள்."

இதே வசனத்தைக் கௌரி அவளுக்கு நாலாம் வகுப்பிலிருந்து சொல்லிவருகிறாள். இரண்டு பேருக்கும் அது ஞாபகம் வந்திருக்கவேண்டும், சிரித்தார்கள். பிறகு மதுஷா ஒரு பழைய முட்டைப் பெட்டியை எடுத்துவந்து, "ஒரு டசின் எண்டால் பன்னிரண்டு எல்லோ, அது மாதிரித்தான் இரசாயனத்தில மோல் எண்டதும் ஒரு எண்ணிக்கை," என்று தொடங்கினாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டேன். எனக்கும் கொஞ்சம் விளங்கியது.

சாப்பிடும்போது, இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் என்று கேட்டேன். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. கௌரி தண்ணியைக் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"எங்கட இல்லத்தில வவுனியாவில இருந்து வந்த ஒரு ஐயா இருக்கிறார். இங்கிலீசு ஒரு சொல்லும் தெரியாது. போன கிழமை இடுப்பு நோவெண்டு என்னைக் கூப்பிட்டு அழுறார். மருந்து அலுமாரி எனக்கு முன்னால நிக்குது. நான் அதைத் திறக்கேலாது. நேர்ஸ் மற்ற மாடியில. அவ வரமட்டும் கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். கை பிடிக்க எனக்கு ஒரு படிப்பும் தேவையில்ல. ஆனா அது மட்டும் காணாது."

மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு முட்டைப் பெட்டியைத் திரும்ப மேசைக்கு எடுத்துவந்தாள்.

மார்ச் 2, சனி

கொலிச்சின் நுழைவுப் பரீட்சை. மூன்று மணித்தியாலம். நான் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தேன். உள்ளே போகிறவர்கள் எல்லாம் மதுஷாவை விட இரண்டு மூன்று வயது கூடிய பிள்ளைகள். சிலரோடு தாய்மார் வந்திருந்தார்கள். கௌரி தனியாக, வேலைக்குப் போகிற சப்பாத்தோடு போனாள்.

நித்திரையாகிவிட்டேன். கண்ணாடியில் தட்டித்தான் எழுப்பினாள்.

"எப்பிடி?"

"கணக்கில ஆறு கேள்வி விட்டிட்டன். நேரம் காணாது." பிறகு, "வாசலில ஒரு பிள்ளை என்னைப் பாத்து, மிஸ், எந்த அறை எண்டு கேட்டது. பரீட்சை நடத்த வந்த ஆள் எண்டு நினைச்சிட்டுது."

"நீர் என்ன சொன்னீர்?"

"அறையைக் காட்டிவிட்டன். பாவம், பயந்துபோய் நிண்டது."

வரும் வழியில் ரோல்ஸ் வாங்கினோம். இரண்டு சாப்பிட்டாள். நல்ல அறிகுறி.

மார்ச் 17, ஞாயிறு

கௌரியின் அண்ணி புஷ்பா வந்திருந்தா. கௌரி வேலையில். நான் சமைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "உங்களை மாதிரி ஒரு மனுசன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கோணும், தயாபரன். என்ர மனுசன் ஒரு தேத்தண்ணி போடமாட்டார். நீங்கள் பெஞ்சாதியைப் படிப்பிக்கிறியள்," என்றா.

நான் உப்புப் போத்தலை எடுத்தேன். கறிக்கு உப்புக் கூடிவிட்டது. போகும்போது மற்றவர்களுக்கும் சொல்லுவேன் என்று சொல்லிவிட்டுப் போனா. சொல்லவேண்டாம் என்று பின்னால் போய்ச் சொல்ல வாசல்வரை போனேன், கார் வெளிக்கிட்டுவிட்டது.

ஏப்ரல் 19, வெள்ளி

முடிவு வந்தது. இடம் இல்லை. மறுப்பும் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் முப்பத்துநான்காவது.

மதுஷாவின் முகம்தான் முதலில் வாடியது. கௌரி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். போனை வாங்கி ஒருமுறை வாசித்தாள், எண்ணெய் படாமல் தள்ளி வைத்தாள், மீனைத் திருப்பிப் போட்டாள்.

"முப்பத்துநாலு பேர் வேண்டாமெண்டு சொல்லோணும்," என்றாள். "போன முறை பதினெட்டு."

அவ்வளவுதான். என்னைப் பார்த்துச் சொன்னாளா மீனைப் பார்த்துச் சொன்னாளா தெரியாது.

அதைப்பற்றி எழுதவேண்டும். இன்று இல்லை.

ஏப்ரல் 27, சனி

கோப்பிக் கடை. எழுதுகிறேன்.

பதினொரு வருடத்துக்கு முன், ஓகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அப்போதும் நான் இப்போதைய பாண் பக்டரியில்தான், ரொட்டி அடுக்குகிற வேலை, மத்தியான ஷிப்ட், அதனால் காலையில் வீட்டில் இருந்தேன். கௌரி வேலைக்குப் போய்விட்டாள். போன் அடித்தது. கொலிச்சிலிருந்து ஒரு பெண். கௌரிக்கு இடம் வந்துவிட்டது, இரண்டு நாளுக்குள் பதில் வேண்டும் என்றாள்.

நான் எனக்குத் தெரிந்த இங்கிலீசில், இந்த வருடம் அவவுக்கு ஏலாது என்று சொன்னேன். நிச்சயமோ என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். நிச்சயம் என்று இரண்டு தரமும் சொன்னேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

மதுஷாவுக்கு ஐந்து வயது. கௌரி முழுநேரம் படிக்கப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? என் ஷிப்டை மாற்றமுடியாது. வேறு வழி இருக்கவில்லை. பின்னேரம் அவள் வந்ததும் சொல்வதென்றுதான் இருந்தேன். அவள் களைத்து வந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைக்கும் விட்டேன். பிறகு இரண்டு நாள் கழிந்துவிட்டது, சொல்லி என்ன பயன் என்று ஆகிவிட்டது.

அந்த மாதம் முழுவதும் அவள் வேலையால் வந்தவுடன் தபால்பெட்டியைத்தான் முதலில் திறப்பாள். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அப்போது எடுத்த பாடங்கள் இப்போது செல்லாது. ஏழு வருடத்துக்குள் படித்திருக்கவேண்டுமாம். அதனால்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கிறாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

நேற்று எழுதிய காரணம் பொய்யில்லை. முழுவதும் உண்மையும் இல்லை.

பிள்ளையைப் பார்க்கப் பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா இருந்தா. கேட்டிருந்தால் பார்த்திருப்பா. நான் கேட்கவில்லை. அந்தக் கோடையில் பக்டரியில் என்னோடு நின்ற பெடியங்கள் பகிடியாக, "பெஞ்சாதி நேர்ஸ், நீ பாண் அடுக்கிறாய், இனி வீட்டில ஆற்ற கதை எடுபடும்?" என்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அந்தப் பகிடி பிடிக்கவில்லை.

அவ்வளவுதான். அதற்காகத்தான்.

மே 12, ஞாயிறு

இன்று சொல்ல நினைத்தேன். அன்னையர் தினமாம். மதுஷா கேக் வாங்கிவந்துவிட்டாள். சொல்லுகிற நாள் இல்லை.

மே 25, சனி

வகுப்பு முடிந்து வரும்போது காரில் தொடங்கினேன். "கௌரி, உமக்கு ஞாபகம் இருக்கோ," என்று நாலு சொல் சொல்லியிருப்பேன். திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்தபடி நித்திரை. வீட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு அரைமணித்தியாலம் எழுப்பாமல் இருந்தேன்.

ஜூன் 2, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மதுஷா சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். கௌரியை ஏரிக்கரைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் இரசாயனக் கொப்பியையும் கொண்டுவந்தாள், இறுதிச் சோதினைக்கு இரண்டு கிழமை இருக்கிறது. வாங்கில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தண்ணியைப் பார்த்தோம். அவள் கொப்பியைத் திறந்தாள்.

"உம்மோட ஒரு விஷயம் கதைக்கோணும்."

"சொல்லுங்கோ."

"அந்த முறை கொலிச்சில இருந்து போன் வந்தது. இடம் இருக்கெண்டு. நான்தான் எடுத்தனான். ஏலாதெண்டு சொல்லிப்போட்டன்."

அவள் கொப்பியை மூடவில்லை.

"தெரியும்," என்றாள்.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"செப்டம்பர் முதல் கிழமை நானே போன் பண்ணினனான். பட்டியல் எதில நிக்குதெண்டு கேக்க. உங்கட வீட்டுக்காரர் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார் எண்டு அந்தப் பிள்ளை சொன்னது. என்ன திகதி எண்டும் சொன்னது."

"ஏன் என்னட்டக் கேக்கேல்ல?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்."

"பதினொரு வருஷமோ?"

"இல்ல, ரெண்டு வருஷம். அந்த ரெண்டு வருஷமும் உங்களோட சரியான கோபம். நீங்கள் கவனிக்கேல்ல."

நாய் கொண்டுவந்த ஒரு சீனக் கிழவர் எங்களுக்குக் காலை வணக்கம் சொல்லிப் போனார். இரண்டு பேரும் பதில் வணக்கம் சொன்னோம்.

"பிறகு?" என்றேன்.

"பிறகு என்ன. கோபமா இருக்கிறதும் ஒரு வேலைதான். வேலைக்குப் போய்வந்து, சமைச்சு, பிள்ளையைப் பாத்து, அதுக்கு மேல அதையும் செய்ய ஏலாமல் போச்சு." கொப்பியில் ஒரு பக்கம் திருப்பினாள். "போன வருஷம் திரும்பப் படிக்கப்போறன் எண்டு சொன்னனான் எல்லோ. அப்ப உங்களிட்டக் கேக்கேல்ல. சொன்னனான். அதையும் நீங்கள் கவனிக்கேல்ல."

மன்னித்துக்கொள்ளும் என்று சொன்னேன். பக்டரிப் பெடியங்களின் பகிடியையும் சொன்னேன், அதுதான் சொல்ல வெட்கமாக இருந்தது. அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை, ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெடியங்கள் இப்ப எங்க?" என்று கேட்டாள்.

"ஒருத்தன் பிராம்ப்ரனுக்குப் போயிட்டான். மற்றவையோட தொடர்பில்ல."

"ம்," என்றாள். அந்த "ம்" எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

எழும்பும்போது சொன்னாள்: "இன்னொண்டு. நீங்கள் அஞ்சு மாசமாத் தண்டனை அனுபவிக்கிற ஆள் மாதிரிச் சமைக்கிறியள். நானும் மதுஷாவும் பேசாமல் சாப்பிடுறம். சமைக்கிறதெண்டால் ருசிபாத்துச் சமையுங்கோ. இல்லாட்டி விடுங்கோ, நான் செய்யிறன்."

ஜூன் 3, திங்கள்

அந்த இரண்டு வருடத்துப் படங்களை எடுத்துப் பார்த்தேன். மதுஷாவின் பிறந்தநாள், நயாகரா போனது, புஷ்பாவின் புது வீட்டுக் குடிபூரல். எல்லாவற்றிலும் சிரிக்கிறாள். என்னருகில்தான் நிற்கிறாள். நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியாது.

ஜூன் 8, சனி

கௌரி என்னோடு அளவாகத்தான் கதைக்கிறாள். கோபமா என்று கேட்டேன்.

"இல்ல. நீங்கள் இப்ப கவனிக்கிறியளோ எண்டு பாக்கிறன்."

கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். மூன்று தரம் ருசி பார்த்தேன். மதுஷா இரண்டாம் தரம் சோறு போட்டாள், கேட்காமல்.

ஜூன் 22, சனி

இரசாயனம் எண்பத்தெட்டு. மதுஷாவுக்கு அதே பாடத்தில் எண்பத்தாறு. கௌரி பன்னிரண்டாம் வகுப்புப் பாடம், மதுஷா பதினொன்று, ஒப்பிடக்கூடாது என்று மதுஷா விளக்கினாள். தாய் கேட்கவில்லை. மூன்று பேருக்குப் போன் பண்ணி இரண்டு புள்ளிகளையும் சேர்த்தே சொன்னாள்.

ஜூலை 9, செவ்வாய்

பட்டியலில் பத்தொன்பது.

ஜூலை 26, வெள்ளி

ஏழு. பக்டரியில் மேற்பார்வையாளரிடம் போய், செப்டம்பரிலிருந்து காலை ஐந்து மணி ஷிப்ட் தரமுடியுமா என்று கேட்டேன். பின்னேரம் வீட்டில் நிற்கலாம். ஏன் என்று கேட்டார். மனைவி நேர்ஸுக்குப் படிக்கப்போகிறா என்றேன். இன்னும் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. அங்கே நின்ற இரண்டு புதுப் பெடியங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும் என்றுதான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

ஓகஸ்ட் 12, திங்கள்

மூன்றில் நின்று பத்து நாளாகிறது. வகுப்பு செப்டம்பர் 3. கௌரி போனை அடிக்கடி எடுத்துப் பார்ப்பதில்லை. எடுத்துப் பார்க்காமல் இருப்பதற்காக அலுமாரிகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டாள். கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் திரும்பப் போடலாம் என்றேன்.

"அடுத்த வருஷம் மதுஷா அப்ளை பண்ணுற வருஷம். அவளுக்கும் நேர்ஸிங்தானாம். போன கிழமைதான் சொன்னவள்," என்றாள். "ரெண்டு பேரும் ஒரே இடத்துக்கு அடிபடுறதோ?"

ஓகஸ்ட் 19, திங்கள்

நாலரைக்கு வேலையால் வந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவினாள். எனக்கு லீவு, பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"கொலிச்சில இருந்து ஈமெயில் வந்தது."

கத்தியைக் கீழே வைத்தேன். "எப்ப?"

"காலமை பத்தரைக்கு. இடம் இருக்காம்."

"எப்ப பதில் சொல்லோணும்?"

"சொல்லிப்போட்டன். பத்து முப்பத்திரண்டுக்கு."

பெட்டியைத் துடைத்து மேலே வைத்தாள். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்க்கிற மாதிரி. நான் கதிரையில் இருந்துவிட்டேன். ரெண்டு நிமிசம் என்ன செய்தீர் என்று கேட்டேன்.

"வவுனியா ஐயாவுக்குச் சேட் மாத்திக்கொண்டு நிண்டன். பொத்தான் பூட்டி முடிச்சுப்போட்டு அனுப்பினன்."

அதன்பிறகுதான் அவள் அழுதாள். நானும். மதுஷா கோடை விடுமுறை வேலை முடிந்து வந்து, ஏதோ செத்தவீடு என்று நினைத்துப் பயந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அவள் அழுதது எங்கள் இரண்டு பேரையும் விடக் கூட.

செப்டம்பர் 3, செவ்வாய்

நான் ஐந்து மணி ஷிப்டுக்குப் போய்விட்டதால் முதல்நாள் கௌரி போவதைப் பார்க்கவில்லை. மதுஷா படம் எடுத்து அனுப்பினாள். பஸ் தரிப்பில், முதுகுப்பையோடு. இடைவேளையில் எல்லோருக்கும் காட்டினேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

இரத்த அழுத்தம் பார்க்கப் பழகுகிறார்கள். வீட்டில் இருபது தரம் செய்து குறித்துக்கொண்டு போகவேண்டுமாம். மதுஷா ஆறு தரத்தோடு கையை எடுத்துவிட்டாள். மிச்சத்துக்கு நான்.

சாப்பாட்டு மேசையில் கையை நீட்டிக்கொண்டு இருந்தேன். கௌரி பட்டியைச் சுற்றி, இரண்டு விரல் போகிறதா என்று பார்த்து, காதுக்குக் குழாயை மாட்டினாள். முழங்கை மடிப்பில் விரல் வைத்துத் துடிப்பைத் தேடினாள். நெற்றி சுருங்கியிருந்தது. கலியாணமாகி இருபத்துமூன்று வருடத்தில் என் கையை இவ்வளவு கவனமாக யாரும் பிடித்ததில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"கதையாதேங்கோ. கதைச்சாக் கூடிக் காட்டும்."

காற்றடித்து மெதுவாக இறக்கினாள். கண் அளவு காட்டும் முள்ளில்.

"நூத்திநாப்பத்திரண்டுக்கு தொண்ணூறு. கூடத்தான். கால் மேல கால் போடாமல், அஞ்சு நிமிசம் சும்மா இருங்கோ. திரும்பப் பாப்பம்."

மாடியிலிருந்து இறங்கிவந்த மதுஷா, ஏன் ரெண்டு பேரும் பேசாமல் இருக்கிறியள், சண்டையோ என்று கேட்டாள். கௌரி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினாள். என் கை அவள் கைக்குள்தான் இருந்தது. நான் ஒன்றும் கதைக்கவில்லை.